நேரம் என்றால் கீழே

பதினோராம் தர வகுப்பறையில் ஆசிரியைக்கென்று ஒரு கதிரை இருந்தது. அதில் ஸுஹைறாவின் கைப்பை மட்டும்தான் உட்காரும். பாடம் நடக்கும் நாற்பது நிமிடமும் அவள் கரும்பலகைக்கும் கடைசி வாங்குக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பாள். கேள்வியைக் கேட்டுவிட்டு, விடை வருவதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள். பரீட்சை நெருங்கும் மாதங்களில் அந்த நடை இன்னும் வேகமாகும்.

மருதமுனைக்காரி. வயது நாற்பத்தொன்று. கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் பதினான்கு வருடமாக விஞ்ஞானம் படிப்பித்து வந்தாள். சனி, ஞாயிறு காலைகளில் ஷரிபுதீன் என்பவர் நடத்தும் ரியூஷன் நிலையத்திலும் அவளுக்கு வகுப்பு இருந்தது. தகரக் கூரையின் கீழ் நூற்றெண்பது பிள்ளைகள். ஒலிபெருக்கி வைத்துத்தான் படிப்பிக்க வேண்டும். அத்தனை பேர் அவளிடம் வந்ததற்கு அவள் இயற்றிய ஒரு வரியும் காரணம்.

மாறிகள் என்ற பாடம் பிள்ளைகளுக்கு எப்போதும் சிக்கல். பரிசோதனையில் நாம் மாற்றுவது சாரா மாறி. அதனால் மாறுவது, நாம் அளந்து பார்ப்பது, சார்ந்த மாறி. வரைபு கீறும்போது சாரா மாறியைக் கீழே கிடையச்சிலும், சார்ந்த மாறியை மேல்நோக்கிப் போகும் அச்சிலும் குறிக்க வேண்டும். இதையெல்லாம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பார்கள். ஆனால் ஒரு கேள்வியைக் கொடுத்தால் இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிடுவார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் இப்படி எழுதப்பட்ட விடைத்தாள்களைத் திருத்திக் களைத்துப்போய், பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வந்த ஒரு பின்னேரத்தில் அந்த வரி அவளுக்குத் தோன்றியது.

"நேரம் என்றால் கீழே, மற்றதெல்லாம் மேலே."

அடுத்த நாள் வகுப்பில் சொன்னாள். பிள்ளைகள் பாட்டாகவே படித்தார்கள். நீரைச் சூடாக்கும் கேள்வி, மெழுகுதிரி எரியும் கேள்வி, பயற்றஞ்செடி வளரும் கேள்வி என்று பயிற்சித் தாள்களில் வருகிற பெரும்பாலான வரைபுகளில் நேரம் கீழேதான் இருந்தது. புள்ளிகள் ஏறின. ரியூஷன் நிலையத்தில் கொடுக்கும் குறிப்புத்தாளில் அந்த வரி பெரிய எழுத்தில் அச்சாகியது. யார் யாரோ அதைப் போட்டோக் கொப்பி எடுத்தார்கள். கடைத்தெருவில் முகம் தெரியாத பிள்ளைகளும் அவளைக் கண்டால் "நேரம் கீழே டீச்சர்" என்று கிசுகிசுத்துவிட்டு ஸலாம் சொல்வார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

பதினோராம் தரத்தின் முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது கல்வி வலயம் முழுவதற்கும் ஒரு மாதிரிப் பரீட்சை நடந்தது. விடைத்தாள்களை வேறு பாடசாலை ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினார்கள். கட்டின் நூலை அவிழ்த்த ஸுஹைறா நின்றபடியே தாள்களைப் புரட்டினாள். ஏழாம் கேள்வியில் சிவப்பு மையால் பூச்சியம். அடுத்த தாளிலும் பூச்சியம். முப்பத்துநான்கு தாள்களில் முப்பத்துமூன்றில் அப்படியே இருந்தது.

கேள்வி இதுதான். ஒரே அளவு சீனியை, ஒரே அளவு நீரில், வெவ்வேறு வெப்பநிலைகளில் போட்டு, அது முற்றாகக் கரைய எத்தனை செக்கன் எடுத்தது என்று அளந்திருக்கிறார்கள். அட்டவணையில் வெப்பநிலை 30, 40, 50, 60, 70. நேரம் 212, 147, 103, 71, 52. சாரா மாறி எது, சார்ந்த மாறி எது, வரைபு கீறுக. பிள்ளைகள் எல்லோரும் நேரத்தைச் சாரா மாறி என்று எழுதி, கீழே குறித்து, அழகாகக் கோடும் கீறியிருந்தார்கள்.

ஸப்னா என்ற ஒரு பிள்ளை மட்டும் மறுபக்கமாக எழுதி முழுப் புள்ளி வாங்கியிருந்தாள்.

ஸுஹைறாவுக்குக் கோபம் தலைக்கேறியது. புள்ளியிடும் திட்டத்தைத் தயாரித்தவர் வலயத்தின் விஞ்ஞான ஆலோசகர் தக்சாயினி. தம்பிலுவிலில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிற இளம் பெண். உடனே அவருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மிஸ், ஏழாம் கேள்விக்கு நீங்க தந்த விடை பிழை. நேரம் எப்பவும் சாரா மாறிதான். என்ட முப்பத்திமூணு புள்ளைகளுக்கும் அநியாயம் நடந்திரிக்கி."

"டீச்சர், நான் இப்ப ஒரு கூட்டத்துல நிக்கிறன். நாளைக்கு அலுவலகத்துக்கு வாங்களன், கதைப்பம்."

"வாறன். கடிதத்தோடயே வாறன்."

அடுத்த நாள் லீவு போட்டாள். பஸ் ஊர்ந்துகொண்டு போனது. பாண்டிருப்பில் ஆட்களை ஏற்ற நின்றபோது இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றியது. வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், தக்சாயினி ஒரு மணிக்குத்தான் வருவாராம். ஸுஹைறா நடைபாதையில் இருந்த வாங்கில் கைப்பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து, குனிந்து நின்றே கடிதத்தை எழுதத் தொடங்கினாள்.

"மேற்படி வினாவில் மாணவர் நீரின் வெப்பநிலையை மாற்றுகின்றனர். சீனி கரைவதற்கு எடுக்கும் நேரமானது வெப்பநிலையைச் சார்ந்து"

பேனை அந்த இடத்தில் நின்றது.

சார்ந்து. அவள் அதை வெட்டினாள். வேறு விதமாக எழுதப் பார்த்தாள். "வெப்பநிலை கூடும்போது நேரம் குறைகின்றது." அதுவும் அதையேதான் சொன்னது. நேரத்தை முன்னால் வைத்து ஒரு வசனம் எழுதிப் பார்த்தாள். "கரையும் நேரத்தை மாணவர் மாற்றும்போது..." எந்த மாணவர் நேரத்தை மாற்றினார்? எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதானே நின்றார்கள்? எந்தப் பக்கமாகச் சுற்றி எழுதினாலும் வசனம் அவளுக்கு எதிராகவே வந்து முடிந்தது. அவளுக்குக் காது சூடாகியது. தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். பிறகு நடைபாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். எத்தனை தடவை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. காவலாளி எழும்பி வந்து, "என்ன மிஸ், தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

ஒரு மணிக்குத் தக்சாயினி வந்தார்.

"என்ன டீச்சர், கடிதம் எங்க?"

"கடிதம் இல்ல மிஸ். உங்கட விடை சரி. நான்தான் பிழை."

தக்சாயினி சிரிக்கவில்லை. அவளை அறைக்குள் அழைத்துப்போய் மேசையிலிருந்த ஒரு விடைத்தாளை எடுத்தார்.

"ஏழு பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் ஒரே மாதிரிப் பிழை விட்டிருக்காங்க டீச்சர். ஒண்டையொண்டு பாத்து எழுதினாங்களோ எண்டுகூட யோசிச்சம். பிறகு இந்தத் தாள் ஓரத்துல இப்பிடி எழுதிக் கிடந்துச்சு." பென்சிலால் எழுதப்பட்டிருந்த வரியைக் காட்டினார். "இது ஆருட வரி எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ட" என்றாள் ஸுஹைறா.

வீட்டுக்கு வந்தவள் மீனைக் கழுவிவிட்டு, கழுவியது மறந்து மறுபடியும் கழுவினாள். கணவர் நிப்றாஸ் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவர்; கல்முனையில் சின்னக் கடை. பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தவர் அவள் குசினிக்கும் முற்றத்துக்கும் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வரிதானே புள்ள. பிழையெண்டு புள்ளைகளுக்கிட்டச் செல்லிட்டா முடிஞ்சி."

"ஒம்பது வருசம்" என்றாள். "ஒம்பது வருசம் செல்லிக் குடுத்திரிக்கேன். என்னிட்டப் படிச்ச ஒருத்தி இப்ப நிந்தவூர்ல சயன்ஸ் டீச்சர். அவளும் அதத்தானே படிப்பிக்கிறாள்?"

அன்று பின்னேரமே அந்த நிந்தவூர் ஆசிரியைக்குத் தொலைபேசி எடுத்தாள். அவள் நம்பவில்லை. "டீச்சர், நீங்க செல்லித் தந்தது பிழையா இரிக்காது" என்றாள். இந்த நம்பிக்கையைக் கேட்க ஸுஹைறாவுக்கு அழுகை வந்தது.

மறுநாள் வகுப்பில் நேரே விஷயத்துக்கு வந்தாள். பழைய வரி பிழை, மறந்துவிடுங்கள் என்று சொல்லி, புதிய ஒன்றைக் கரும்பலகையில் எழுதினாள். "நாம் மாற்றுவது கீழே, மாறி வருவது மேலே." முப்பத்துநான்கு பேரும் அதையும் பாட்டாகப் படித்தார்கள். பயிற்சிக்கு ஆறு கேள்வி கொடுத்தாள். பாதிப் பேருக்குப் பாதிக்கு மேல் பிழை. முன்பு சரியாகச் செய்த செடி வளரும் கேள்வியிலும் இப்போது பிழை.

ஹப்ஸா எழுந்து நின்றாள். வகுப்பில் வாய்க்காரி, பழைய வரியை எல்லோரையும்விட வேகமாகப் பிரயோகித்தவள்.

"டீச்சர், நாம மாத்துறதுதான் சாரா மாறி எண்டு செல்றீங்க. செடிக் கேள்வியில நாளை நாம மாத்துறமா? நாள் தானாத்தானே போகுது? அப்ப நாள் சாரா மாறி இல்லையா?"

ஸுஹைறா கரும்பலகையில் எழுதிக் காட்டத் திரும்பினாள். வெண்கட்டி கையில் இரண்டாக முறிந்தது.

"நாளைக்குச் செல்றன், ஹப்ஸா."

அந்த நாளை மூன்று தடவை தள்ளிப்போட்டாள். பாடநூலைப் புரட்டினாள், ஆசிரியர் வழிகாட்டியைப் புரட்டினாள். பஸ்ஸில் போகும்போது யன்னலால் தெரிந்ததையெல்லாம் இரண்டாகப் பிரித்துப் பார்த்தாள். வெயிலும் காயப்போட்ட நெல்லும், பயணிகளும் பஸ்ஸின் தாமதமும். பிரிக்கப் பிரிக்க அவளுக்கே குழம்பியது. ஒரு நாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பிடம் போய்விட்டாள்.

நான்காம் நாள் இடைவேளையில் ஸப்னாவைக் கூப்பிட்டாள். ஸப்னா அதிகம் கதைக்காத பிள்ளை. ரியூஷனுக்கும் போகிறதில்லை. பத்தாம் தரத்தில் மாறிகள் பாடம் நடந்த மூன்று கிழமையும் டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் படுத்திருந்தாள். அந்த வரியை அவள் வகுப்பில் கேட்கவேயில்லை.

"நீ மட்டும் எப்பிடிப் புள்ள சரியா எழுதின?"

ஸப்னா பயந்துவிட்டாள். "பிழையா டீச்சர்?"

"சரிதான். எப்பிடி எண்டுதான் கேக்கிறன்."

"அட்டவணையைப் பார்த்தன் டீச்சர். முப்பது, நாப்பது, அம்பது எண்டு ஒழுங்கா இரிந்திச்சி. அத ஆரோ முன்னுக்கே யோசிச்சி எழுதியிரிக்காங்க. மத்தப் பக்கம் இருநூத்திப் பன்னெண்டு, நூத்திநாப்பத்தேழு எண்டு கண்டபடி இரிந்திச்சி. அது செஞ்சி பார்த்த பொறகுதானே வந்திரிக்கும்?"

ஸுஹைறா கைப்பையைத் தள்ளிவிட்டு அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள்.

அடுத்த பாடத்துக்கு வெப்பமானி, முகவைகள், சீனி, சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் கொண்டுவந்தாள். ஒவ்வொரு குழுவுக்கும் வெறும் அட்டவணை ஒன்றைக் கொடுத்தாள். "இன்னும் ஒண்டும் செய்யல்ல. சீனியைத் தொடவும் வேணாம். இப்பவே நிரப்பக்கூடிய பக்கம் எது?"

வெப்பநிலைப் பக்கத்தை எல்லோரும் நிரப்பினார்கள். மற்றப் பக்கத்தில் கை ஓடவில்லை.

"ஏன் நிரப்பல்ல?"

"எப்பிடி டீச்சர் நிரப்புற? கரைஞ்சாத்தானே தெரியும்!"

"செடிக் கேள்விக்கு வாங்க. நாளை முன்னுக்கே எழுதலாமா?"

ஹப்ஸாவின் முகம் மாறியது. "ஓம் டீச்சர். எந்தெந்த நாள்ல அளக்கப்போறம் எண்டு நாமதான் முடிவெடுக்கிற. செடிட உயரம் மட்டும்தான் தெரியாது."

அட்டவணையைப் பார்த்து எப்படிக் கண்டுபிடித்தாள் என்று ஸப்னாவையும் எழுப்பி வகுப்புக்குச் சொல்லவைத்தாள். பிறகு ஸுஹைறா ஒளிக்காமல் சொன்னாள். "அந்த வரியைக் கேட்ட முப்பத்திமூணு பேரும் பிழை. கேக்காத ஒருத்தி சரி. இதுல சாரா மாறி எது?"

பிள்ளைகள் ஸப்னாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் ஹப்ஸாதான் சொன்னாள்.

"நீங்க படிப்பிச்சது, டீச்சர்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒராள வெச்சி முடிவெடுக்கேலா. ஸப்னா எப்பிடியும் கெட்டிக்காரி" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஸுஹைறாவும் சிரித்தாள், பல நாளுக்குப் பிறகு.

ரியூஷன் நிலையத்தில் நிலைமை வேறு. நூற்றெண்பது பேருக்குச் சீனியும் சுடுதண்ணீரும் கொடுக்க முடியாது. ஒலிபெருக்கியில் தன் பிழையைச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. வகுப்பு முடிந்ததும் ஷரிபுதீன் அவளைத் தனியே அழைத்தார்.

"டீச்சர், பரீட்சைக்கு இன்னும் மூணு கிழமை. நூத்துக்குத் தொண்ணூறு கேள்விக்கு உங்கட வரி சரியா வருது. மிச்சம் பத்துக்காகப் புள்ளைகளக் குழப்பணுமா?"

"பிழையெண்டு தெரிஞ்சிட்டுப் பேசாம இரிக்க என்னால ஏலா."

"இருந்திட்டு, பரீட்சை முடிஞ்ச பொறகு செல்லிரிக்கலாம்."

அவர் சொன்னது முழுக்கப் பிழையென்று அவளால் நினைக்க முடியவில்லை. அந்த மூன்று கிழமையும் அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

பரீட்சை வந்தது. விஞ்ஞானத் தாள் நடந்த அன்று ஸுஹைறா வேறொரு நிலையத்தில் மேற்பார்வைக் கடமையில் இருந்தாள். தாள் கைக்குக் கிடைத்ததும் வரைபுக் கேள்வியைத் தேடினாள். அவரை நாற்று ஒன்றின் உயரத்தைச் சில நாட்களில் அளந்த கேள்வி. நேரம் கீழேதான் வரவேண்டும். பழைய வரியைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதியவர்களுக்கும் முழுப் புள்ளி.

மூன்றாம் நாள் ஹப்ஸாவும் அவளுடைய உம்மா ஹுஸ்னியாவும் வீட்டுக்கு வந்தார்கள். ஹப்ஸாவின் கண்கள் வீங்கியிருந்தன. ஹுஸ்னியா கதிரையின் விளிம்பில்தான் உட்கார்ந்தாள்.

"டீச்சர், என்ட மகள் முந்தி இந்தக் கேள்விய நித்திரையிலயும் சரியாச் செய்வாள். நீங்க அத மாத்தப் போய், இப்ப மறுபக்கமா எழுதிட்டு வந்திரிக்காள். உங்கள நம்பித்தானே அனுப்பினேன்?"

"ஓம்" என்றாள் ஸுஹைறா. வேறென்ன சொல்வது? தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. அவள் எழுந்து யன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள், பிறகு ஹப்ஸாவின் முன்னால் நிலத்தில் அமர்ந்தாள்.

"ஹப்ஸா, ஏசமாட்டன். அந்தக் கேள்வியைக் கண்ட நேரம் நீ என்ன நினைச்ச? முதல்லயிரிந்து செல்லு."

ஹப்ஸா மூக்கை உறிஞ்சினாள். "அட்டவணையைப் பார்த்தன் டீச்சர். நாள் பக்கம் மூணு, அஞ்சு, ஒம்பது, பதினாலு எண்டு கண்டபடி இரிந்திச்சி. உயரம் ரெண்டு, நாலு, ஆறு, எட்டு எண்டு ஒழுங்கா இரிந்திச்சி. ஸப்னா செல்லியிரிந்தாள் தானே, ஒழுங்கா இரிக்கிற பக்கம்தான் முன்னுக்கே எழுதினது எண்டு. அதான் உயரத்தக் கீழ போட்டன்."

"மேல இரிந்த வசனத்த வாசிச்சியா? என்ன செஞ்சாங்க எண்டு?"

"இல்ல டீச்சர்."

ஸப்னா அன்று தன் வாயால் சொன்னதை வகுப்பில் யாரும் வரியாக எழுதவில்லை, கரும்பலகையிலும் இல்லை. ஆனால் பிள்ளைகள் அதையும் ஒரு வரியாக ஆக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போயிருந்தார்கள். யார் எதைச் செய்தார்கள் என்று வாசிக்காமலே தப்பிக்க ஒரு வழி. ஒன்பது வருடமாக அவள் கற்றுக்கொடுத்த பழக்கம் அது.

"இது உன்ட பிழை இல்ல" என்றாள். பிறகு ஹுஸ்னியாவிடம் திரும்பினாள். "என்ட பிழைதான் ராத்தா. நீங்க ஏசுறது சரி."

ஹுஸ்னியா இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவள், "சரி, எழுதினது எழுதியாச்சி" என்று முணுமுணுத்துவிட்டு ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள். போகும்போது ஸலாம் சொன்னாள். முகத்தில் இறுக்கம் இன்னும் இருந்தது.

பெறுபேறுகள் வர மாதங்கள் ஆகின. ஹப்ஸாவுக்கு விஞ்ஞானத்தில் பி தரம்தான் வந்தது. ஏ எடுத்திருக்க வேண்டியவள் என்று ஸுஹைறாவுக்குத் தெரியும். உயர்தரத்தில் உயிரியல் படிக்க அந்தப் பி போதுமானதாக இருந்தது. ஹப்ஸாவும் அதையே எடுத்தாள். ஸப்னா கணிதப் பிரிவுக்குப் போனாள். ரியூஷன் நிலையத்தில் அடுத்த தொகுதிக்கு நூற்றுப்பத்துப் பேர்தான் வந்தார்கள். ஷரிபுதீன் அவள் பெயர் இருந்த பலகையை வாசலிலிருந்து உள்ளே மாற்றினார்.

புதிய பத்தாம் தரத்தில் ஸுஹைறா வரி எதுவும் கொடுக்கவில்லை. அட்டவணையும் கொடுக்கவில்லை. ஒரு பரிசோதனையை ஐந்தாறு வசனத்தில் எழுதிக் கொடுப்பாள். யார் என்ன செய்தார்கள், எதை முன்கூட்டியே தீர்மானித்தார்கள், எதற்காகக் காத்திருந்தார்கள் என்று பிள்ளைகள் எழுந்து நின்று வாதாட வேண்டும். சில நாட்களில் ஒரேயொரு கேள்வியோடு பாடம் முடிந்துவிடும். பாடத்திட்டம் பின்தங்குகிறது என்ற பதற்றம் அவளுக்கு வேறு. இது சரியான வழியா என்பதும் அவளுக்குத் தெரியாது. மூன்று தவணை போனால்தான் தெரியவரும். அப்போதும் ஒரு வகுப்பை வைத்து முடிவெடுக்க முடியாது.

ஒரு நாள் சத்தம் மிஞ்சிப்போனது. பிரதி அதிபர் வாசலில் வந்து நின்றார். உள்ளே இரண்டு பிள்ளைகள் மேசையில் தட்டித் தட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஸுஹைறா இருவருக்கும் நடுவில் நின்று, ஒருத்தியின் கொப்பியைப் பிடுங்கி மற்றவளிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், இங்க சண்டையா?"

"ஓம் சேர்" என்றாள் ஸுஹைறா, திரும்பிப் பார்க்காமலே. "இன்னும் முடியல்ல. கொஞ்சம் பொறுங்க."